புற்றுநோய்க்குச் சோதனை மருந்தா, இயற்கை வைத்தியமா? முடிவெடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வாங்குங்கள்: "குணமாக்கும் என்று நிரூபணமான சிகிச்சை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறதா?" இருக்கிறது என்றால் அதுதான் முதலில். பரவாத நிலையில் இருந்தும் அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை ஓர் அமெரிக்க ஆய்வு தொடர்ந்து பார்த்தது. 2018-ல் வெளிவந்த அதன் முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். காரணம் எளிது. வைத்தியம் மாறிமாறிப் பார்க்கும் மாதங்களில் கட்டி வேறு உறுப்புக்குப் போய்விட்டால், முன்பு குணமாக்கியிருக்கக்கூடிய அதே அறுவை சிகிச்சை பிறகு குணமாக்காது.

செடியிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் செய்ததா என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. ரத்தப் புற்றுக்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1992-ல் அனுமதி பெற்ற பாக்லிடாக்ஸெல் என்ற புற்று மருந்து யூ மரப்பட்டையில் கண்டெடுக்கப்பட்டது. அதற்காக நித்தியகல்யாணி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிடாதீர்கள். வின்கிரிஸ்டின் உடல்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, பொதுவாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், ரத்தநாளத்தில் (சிரையில்) செலுத்தும் ஊசியாக மட்டும் தரப்படுவது. கொஞ்சம் கூடினாலே கை கால் மரத்துப்போகும், குடல் இயக்கம் நின்றுபோகும். கஷாயத்தில் எத்தனை மில்லிகிராம் இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: மனிதர்களிடம், எந்த அளவில், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? இரண்டு பக்கத்தையும் இதே கேள்வியால் அளக்க வேண்டும்.

சோதனை மருந்து என்றால்

ஒப்புதல் படிவத்தை வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கேயே கையெழுத்து கேட்டால் மறுக்கலாம். அதில் முதலில் தேட வேண்டியது, சோதனை எந்தக் கட்டம் என்பது. முதல் கட்டத்தின் நோக்கம் பாதுகாப்பான அளவைக் கண்டுபிடிப்பது. வழக்கமாக மூன்று மூன்று பேராகச் சேர்த்து அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள். 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதல் கட்டச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. மருந்தின் நச்சால் இறந்தவர்கள் இருநூறில் ஒருவர். இமாடினிப் போல விதிவிலக்கும் உண்டு: அதன் முதல் கட்டத்தில் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த நாள்பட்ட ரத்தப் புற்று நோயாளிகள் 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் சீரான நிலைக்குத் திரும்பின. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நடக்கலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அடுத்து, எதை வெற்றி என்று கணக்கிடுகிறார்கள்? பரவிய மார்பகப் புற்றுக்கு பெவாசிஸுமாப் என்ற மருந்து 2008-ல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது, நோய் வளராத காலத்தை நீட்டியதால். ஆயுளை நீட்டியதாகப் பிறகும் காட்ட முடியவில்லை. 2011-ல் அங்கே அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். எனவே "கட்டி சுருங்குமா?" என்பதோடு "கூடுதலாக வாழ்வேனா, எப்படிப்பட்ட உடல்நிலையில்?" என்றும் கேளுங்கள்.

இவற்றையும் எழுதிக் கேளுங்கள்: புதிய மருந்து கிடைக்காத குழுவில் விழுந்தால் எனக்கு என்ன தருவீர்கள்? கூடுதல் பயாப்ஸி (திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எத்தனை? இப்போதைய மருந்தை எத்தனை வாரம் நிறுத்த வேண்டும்? இதில் சேர்ந்தால் வேறு சோதனைக்குத் தகுதி இழப்பேனா? பக்கவிளைவுக்கு யார் செலவு செய்வார்கள்? எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. சோதனையின் பதிவு எண்ணை வாங்கி, மருத்துவச் சோதனைகளின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். பதிவும் இல்லை, நெறிமுறைக் குழு ஒப்புதலும் இல்லை, ஆனால் பெருந்தொகை கேட்கிறார்கள் என்றால் அது சோதனையே அல்ல. எழுந்து வந்துவிடுங்கள்.

இயற்கை மருந்து என்றால்

ஆய்வகத் தட்டில் புற்றணுவைக் கொல்வது பெரிய சாதனை அல்ல. தட்டில் ஊற்றும் செறிவு ரத்தத்தில் சேர வேண்டுமே! மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது. 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் ரத்த அளவு பல மடங்கு ஏறுவதை 1998-ல் காட்டினார்கள். ஆனால் அதே பைபரின் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் மந்தமாக்கும். கீமோவின் அளவு தாறுமாறாகலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி இதைச் சொல்லவில்லை.

கசப்பு பாதாம், ஆப்ரிகாட் கொட்டைகளில் உள்ள அமிக்டலினை 178 நோயாளிகளிடம் சோதித்து 1982-ல் வெளியிட்டார்கள். பலன் இல்லை; சிலரது ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்த சோதனையில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று குறையவில்லை, 18 சதவீதம் கூடியது.

அதிகம் கவனிக்க வேண்டியது, இயற்கை மருந்தைக் கீமோவோடு ரகசியமாகச் சேர்ப்பது. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகை, இரினோடிகான் என்ற கீமோ மருந்தின் செயல்படும் பொருளை ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்தது. நோயாளிக்கு எதுவும் தெரியாது. கீமோ வேலை செய்யவில்லை என்று மட்டும் தோன்றும். கிரேப்ஃப்ரூட் சாறு பல மாத்திரைகளின் அளவை ஏற்றிவிடும். பச்சைத் தேயிலைச் சத்து, போர்டெசோமிப் என்ற புற்று மருந்தைச் செயலிழக்கச் செய்வதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். கிங்கோ, பூண்டு மாத்திரைகளை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். அவற்றால் ரத்தம் உறைவது தாமதமாகலாம். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் வேகவைக்காத மூலிகைப் பொடி வேண்டவே வேண்டாம். அதில் பூஞ்சை இருக்கலாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கீமோவின் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவுவதை 576 பேரிடம் நடந்த சோதனை காட்டியது: தினம் அரை முதல் ஒரு கிராம், கீமோவுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, வழக்கமான வாந்தி மருந்தோடு சேர்த்து. சோர்வுக்கு உடற்பயிற்சி நல்ல பலன் தரும். இவை நோயைக் குறைப்பவை அல்ல, சிகிச்சையைத் தாங்க உதவுபவை.

எடுத்தே தீருவேன் என்றால்

டப்பாவின் லேபிளைப் புகைப்படம் எடுத்து, அளவு, நேரம், தொடங்கிய தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் அலட்சியமாகப் பேசினால், மருத்துவமனையின் மருந்தாளரிடம் காட்டுங்கள். மருந்து மோதல்களை நுணுக்கமாகப் பார்ப்பது அவர் வேலை. ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருட்களைத் தொடங்காதீர்கள், எதனால் கெடுதல் வந்தது என்று பிறகு தெரியாது. தொடங்கும் முன்பும் சில வாரம் கழித்தும் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். அடுத்த ஸ்கேன் தேதியை முன்பே குறித்து, கட்டி வளர்ந்திருந்தால் நிறுத்துவதாக வீட்டாரோடு அன்றே பேசி முடிவெடுங்கள். ஸ்கேனை மருந்து விற்பவர் விளக்கக் கூடாது.

சிகிச்சையை ஏற்கெனவே பாதியில் விட்டிருந்தால், கூச்சப்பட்டு இன்னும் ஒரு மாதம் தள்ளாதீர்கள். எடுத்த மருந்துகளின் பட்டியலோடு போய், நோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய திட்டம் இன்னும் பொருந்துமா என்பது அதைப் பார்த்த பிறகுதான் தெரியும்.