மழை நாளில் எடை போட்டுப் பார்த்தீர்களா? சோதனைத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சிறு விவசாயிகளிடம் வாங்கும் பசுந்தேயிலையை எடை போட்டுக் கணக்கு வைக்கப் புதிய மென்பொருள் வந்தது. அதற்கான சோதனைத் திட்டத்தை எழுதியவன் நான்தான். கோயம்புத்தூரில் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதினேன். எல்லாச் சோதனையும் பாஸ். இலை வாங்கப் போகும் லாரியோடு மென்பொருள் போன முதல் வாரத்திலேயே ஒருவருடைய ஒரே மூட்டை கணக்கில் இரண்டு முறை ஏறிவிட்டது.

தவறு எங்கே தொடங்கியது என்று பிறகு யோசித்தால், முதல் பக்கத்திலேயே. மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற ஆவணத்தை எடுத்து, வரிக்கு ஒரு சோதனை எழுதியிருந்தேன். செய்ய வேண்டியதைச் செய்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். எங்கே உடையும் என்று தேடுவது மீதிப் பாதி. அது எந்த ஆவணத்திலும் இருக்காது. லாரியில் போய் எடை போடுகிறவரிடம் இருக்கும். "உங்களுக்கு ரொம்ப மோசமான நாள் எது அண்ணா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மாலை நேரம், மழை, கொழுந்து மூட்டையோடு வரிசையில் நிற்கும் ஆட்கள், ஈர விரலுக்கு ஒழுங்காக அசையாத தொடுதிரை, வளைவுக்கு வளைவு வந்து போகும் சிக்னல் என்று எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். என் திட்டத்தின் முதல் பக்கமே அதுவாக இருந்திருக்கும்.

இரட்டை எடை விஷயமும் சிக்னலால் வந்ததுதான். கை இயந்திரம் எடையை அனுப்புகிறது. சர்வர், அதாவது எல்லாக் கணக்கும் போய்ச் சேரும் மையக் கணினி, அதை வாங்கிப் பதிந்துகொள்கிறது. "வந்து சேர்ந்தது" என்ற பதில் திரும்பி வருவதற்குள் லாரி ஒரு வளைவு திரும்புகிறது, சிக்னல் போகிறது. பதில் வராததால் இயந்திரம் அதே எடையை மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு எடைக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று சர்வர் பார்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆபீஸ் வைஃபையில் இது ஒருநாளும் தெரியாது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இணைப்பைத் துண்டிப்பது என்று ஒரு சோதனையை வேண்டுமென்றே எழுத வேண்டும்.

நான் சோதித்தது ஜனவரியில். அப்போது பனிக்காலம்; செடியில் கொழுந்தே குறைவு. கோடை மழைக்குப் பிறகு மே மாதத்தில் வரும் வரத்தை அந்த மென்பொருள் பார்த்ததே இல்லை. "மழையில் சோதித்தாகிவிட்டது" என்று யாராவது சொன்னாலும், எந்தப் பக்கத்து மழை என்று கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். ஒரே நீலகிரி மாவட்டம், நெருக்கடி வரும் மாதம் மட்டும் வேறு.

"இன்னொரு இடத்தில் நன்றாக ஓடுகிற மென்பொருள்தான் சார்" என்ற பேச்சை நம்பிச் சில சோதனைகளை வெட்டியதும் என் தவறே. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஏறக்குறைய 40 வினாடிகளில் வெடித்த கதை இதே ஜாதி. ஏரியான் 4-இல் சரியாக ஓடிய மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். வேகத்தைக் குறிக்கும் எண், அதற்கு ஒதுக்கிய 16 பிட் என்ற சிறிய இடத்தில் அடங்கவில்லை. புதிய ராக்கெட்டின் பாதைக் கணக்கைக் கொடுத்து முன்பே ஓட்டிப் பார்த்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும். நம்மிடம் ராக்கெட் இல்லை, சரி. ஆனால் சம்பளக் கவரைப் போல மாதாமாதம் தேயிலைப் பணத்தை எதிர்பார்க்கும் வீடுகள் இருக்கின்றன.

அடுத்தது, வர வேண்டிய விடையை முன்கூட்டியே எழுதி வைக்காதது. ஒருவர் 12.4, 12.4, 12.8 கிலோ என்று மூன்று மூட்டை போடுகிறார். மூட்டைக்கு மூட்டை முழு எண்ணாக்கினால் 37 கிலோ. மொத்தத்தைக் கூட்டி முழு எண்ணாக்கினால் 38. தசமத்தை வெட்டிக்கொண்டே போனால் 36. எது சரி? அது தொழிற்சாலையும் விவசாயிகளும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். புரோகிராமர் முடிவு செய்யக் கூடாது. ஈரத்துக்குக் கழிக்கும் எடையை இந்தக் கணக்குக்கு முன்பு கழிப்பதா, பின்பா என்பதும் அப்படியே. விடையைக் காகிதத்தில் போட்டு வைக்காமல் திரையைப் பார்த்தால் 37-உம் சரியாகத் தெரியும், 38-உம் சரியாகத் தெரியும்.

சோதனைக்குக் கொடுத்த பெயர்களும் அழகு: சோதனை ஒன்று, சோதனை இரண்டு. நிஜத்தில் ஒரே ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நான்கு போஜன், மூன்று பெள்ளி இருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாக இருக்கும். அதற்காக உண்மையான பட்டியலை வங்கிக் கணக்கு எண்ணோடு அப்படியே நகலெடுத்துச் சோதனைக் கணினியில் போட்டுவிடாதீர்கள். பெயர்க் குழப்பம் இருக்கட்டும், எண்களை மாற்றிவிடுங்கள்.

பழைய நோட்டும் புதிய மென்பொருளும் சேர்ந்து ஓடும் காலத்தை ஒரு வாரம் என்று வைத்திருந்தேன். பணம் கணக்குப் பார்ப்பதோ மாதக் கடைசியில். முன்பணம், உரக்கடன் எல்லாம் அப்போதுதான் கழியும். ஒரு வாரச் சோதனை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. குறைந்தது இரண்டு மாதக் கடைசியாவது உள்ளே வர வேண்டும்.

தொடக்க விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, மிஞ்சிய நாளில் சோதிப்பது எல்லா ஊரிலும் நடப்பது. என்னால் அதைத் தடுக்க முடிந்ததில்லை. என்ன நடந்தால் தள்ளிப்போடுவோம், அதை யார் சொல்வது என்று முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குவது மட்டும் முடிந்தது. இரண்டாவது முறை எழுதிய திட்டத்தில் அது இப்படி இருந்தது: ஒருவருடைய எடை ஒரே ஒரு முறை இரட்டித்தாலும் அன்றைய லாரி பழைய நோட்டோடு போகும், முடிவு, எடை போடுபவருடையது. மேனேஜர் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.