லினக்ஸில் விண்டோஸ் புரோகிராமிங் டூல்கள்: எங்கே தவறுகிறது, ஏன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோணம், சுங்கான்கடை போன்ற ஊர்களின் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி ஒன்று இன்னும் இருக்கும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸையும் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் மின்ட் போட்டால் அதே இயந்திரம் நன்றாக ஓடுகிறது. சிக்கல் லேப் பாடத்தில்தான் வருகிறது: மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குக் கோட் எழுதும் கெயில், பழைய சி கம்பைலரான டர்போ சி, தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கருவிக்கான மென்பொருள் எல்லாம் விண்டோஸை நம்பியே இருக்கின்றன.

இங்கே பெரும்பாலானோர் செய்யும் தவறு, மென்பொருள் முழுவதையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பது. "கெயில் லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. கோட் எழுதி, கம்பைல் செய்து, சிப்பில் ஏற்றுவதற்கான ஹெக்ஸ் கோப்பு எடுப்பது ஒரு வேலை. அந்த ஹெக்ஸை யுஎஸ்பி வழியாகச் சிப்பில் ஏற்றுவது வேறு வேலை. முதல் வேலை, விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருளில் பெரும்பாலும் நடந்துவிடும். இரண்டாவது பெரும்பாலும் நடக்காது.

காரணம் எளிது. 1993 முதல் வளர்ந்துவரும் வைன், விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. சிப்பில் நிரல் ஏற்றும் கருவியான யுஎஸ்பி புரோகிராமரோடு வரும் டிரைவரோ, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய் உட்கார வேண்டியது. வைனுக்குள் விண்டோஸ் கெர்னலே கிடையாது. அதனால் டிரைவர் இன்ஸ்டாலர் கடைசிவரை ஓடி "முடிந்தது" என்று காட்டினாலும் எஸ்டி-லிங்கோ, யுஎஸ்பிஏஎஸ்பியோ போன்ற புரோகிராமர் மென்பொருளின் கண்ணில் படாது. டிரைவரைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து ஒரு பகல் முழுவதையும் இழப்பவர்கள் உண்டு. கம்பைல் மட்டும் வைனில் செய்யுங்கள். சிப்பில் ஏற்றுவதை லினக்ஸின் சொந்த டூலிடம் விடுங்கள்: எஸ்டி-லிங்குக்கு ஓப்பன்ஓசிடி, ஏவிஆர் வகைச் சிப்புகளுக்கு ஏவிஆர்டியூட்.

ஏடி89எஸ்52 போன்ற 8051 சிப்புகளில் இன்னொரு கவனமும் வேண்டும். முதலில் உங்கள் ஏவிஆர்டியூட் பதிப்பின் பட்டியலில் அந்தச் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் விவரத்தைக் கான்ஃபிக் கோப்பில் சேர்க்க வேண்டும். அடுத்தது சிப்பின் ரீசெட் கால். புரோகிராம் ஏற்றும்போது ஏவிஆருக்கு ரீசெட் லோவாக இருக்க வேண்டும், ஏடி89எஸ்52-க்கு ஹையாக இருக்க வேண்டும். கையிலிருக்கும் புரோகிராமரின் ஃபர்ம்வேரும் (அதன் உள்நிரல்) வயரிங்கும் இதற்கு ஏற்றவைதானா என்று உறுதி செய்யாமல் லினக்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை.

வைனே தேவையில்லாத இடத்தில் வைன்

எஸ்டிஎம்32கியூப் ஐடிஇ, எம்பிலேப் எக்ஸ், ஆர்டுயினோ ஐடிஇ போன்ற கோட் எழுதும் மென்பொருட்கள் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. டெவ் சி++ இடத்தில் கோட்பிளாக்ஸ் போதும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் கூட 2017 பதிப்பிலிருந்து லினக்ஸில் நேரடியாக ஓடுகிறது. சி-ஷார்ப் கன்சோல் நிரல்களுக்கு டாட்நெட் எஸ்டிகே லினக்ஸுக்கே கிடைக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் எக்ஸி கோப்பை இறக்கி வைனில் சொடுக்குவது வீண் வேலை. முழு விஷுவல் ஸ்டுடியோவை வைனில் ஏற்றும் முயற்சியை இன்றே விட்டுவிடலாம். அதன் இன்ஸ்டாலரே தாண்டாது.

கெயில் சி51-ன் இலவசப் பதிப்பு 2 கேபிக்கு மேல் கோட் எடுக்காது. ஏடி89எஸ்52-ல் இருப்பதோ 8 கேபி. எஸ்டிசிசி கம்பைலருக்கு அந்த வரம்பு இல்லை, லினக்ஸில் நேரடியாக ஓடும், காசும் வேண்டாம். ஆனால் கெயிலில் எழுதிய கோடை அப்படியே கொடுத்தால் பிழை மழை கொட்டும். எஸ்பிட் (ஒற்றை பிட்) அறிவிப்பு, இன்டரப்ட் எழுதும் முறை, ஹெடர் கோப்பின் பெயர் மூன்றும் மாறும். எஸ்டிசிசி தருவது ஐஎச்எக்ஸ் கோப்பு. அதைப் பேக்ஐஎச்எக்ஸ் மூலம் ஹெக்ஸாக்கிய பிறகு ஏற்றுவது நல்லது. தேர்வில் கெயில் வடிவத்தில்தான் எழுத வேண்டும் என்றால் கெயிலை வைனில் வைத்துக்கொள்வதே நல்லது. சொந்த புராஜெக்ட் என்றால் எஸ்டிசிசி.

டர்போ சி-யும் கன்ட்ரோல் எஃப்9-ம்

டர்போ சி++ ஒரு 16 பிட் டாஸ் நிரல். அதற்கு வேண்டியது வைன் அல்ல, பழைய டாஸ் கணினியைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ். விண்டோஸ் 10-க்கென்று பரவும் டர்போ சி தொகுப்புகளுக்குள்ளும் ஒளிந்திருப்பது அதே டாஸ்பாக்ஸ்தான், ஏனென்றால் 64 பிட் விண்டோஸும் 16 பிட் நிரலை ஏற்காது.

டர்போ சி-யில் நிரலை ஓட்டும் விசை கன்ட்ரோல் எஃப்9. டாஸ்பாக்ஸில் அதே விசைக்கு "உடனே மூடு" என்று பொருள். லேப் பழக்கத்தில் விரல் அங்கே போனதும் திரை மறைந்துவிடும். எஃப்2 அழுத்திச் சேமிக்காத நிரலும் அதோடு போகும். டாஸ்பாக்ஸுக்குள் கன்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் விசை மாற்றும் திரை வரும். அங்கே மூடும் விசையை வேறொன்றுக்கு மாற்றிச் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதுவரை ஆல்ட் ஆர் அழுத்தி மெனுவிலிருந்து ரன் கொடுங்கள்.

எஸ்டிடிஐஓ ஹெடர் கிடைக்கவில்லை என்று வந்தால், நீங்கள் மவுன்ட் செய்த டிரைவும் ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரிஸ் பகுதியில் உள்ள பாதையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கிராஃபிக்ஸ் நிரலில் பிஜிஐ (கிராஃபிக்ஸ் டிரைவர்) கோப்பின் பாதைக்கும் இதே விதி.

சீரியல் போர்ட்

வைனில் வன்பொருளோடு ஓரளவு ஒழுங்காகப் பேசுவதில் முக்கியமானது சீரியல் போர்ட். ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான். வைனைத் தொடுவதற்கு முன் லினக்ஸிலேயே போர்ட் தெரிகிறதா என்று பாருங்கள். சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகியதும் கெர்னலின் டிமெசேஜ் பதிவில் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயர் வர வேண்டும். உபுண்டு 22.04-ல் பெயர் வந்த மறுகணமே "துண்டிக்கப்பட்டது" என்று வந்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை குறுக்கிடுகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிக்கான சேவை அது. சிஎச்340-ஐத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கணினியில் பிரெய்ல் கருவி யாருக்கும் தேவையில்லை என்றால் மட்டும் அந்தத் தொகுப்பை நீக்குங்கள்.

போர்ட் நிலையாக இருந்தும் "அனுமதி இல்லை" என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டைலவுட் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் லாக் அவுட் செய்து திரும்ப நுழையாதவரை அது நடைமுறைக்கு வராது. இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டவர்கள்தான் "எல்லாம் செய்தேன், வேலை செய்யவில்லை" என்று வைனையே சூடோவில், அதாவது ரூட் என்ற நிர்வாகி உரிமையில், ஓட்டப் போகிறார்கள். அது தப்பு. வைன் ஃபோல்டருக்குள் ரூட் பெயரில் கோப்புகள் விழும். அப்புறம் சாதாரணமாகத் திறக்கும்போது "இது உங்களுடையது அல்ல" என்று மறுக்கும்.

இனி வைன். அது போர்ட்டுகளுக்குத் தானே எண் கொடுக்கும். கணினியில் பெயரளவில் இருக்கும் 32 பழைய சீரியல் போர்ட்டுகளை முதலில் எண்ணிவிட்டால் உங்கள் யுஎஸ்பி கேபிள் காம்33 ஆகிவிடும். பல பழைய மென்பொருட்களில் காம்9-க்கு மேல் தேர்ந்தெடுக்கவே இடமில்லை. வைனின் டாஸ்டிவைசஸ் ஃபோல்டரில் கையால் சிம்லிங்க் (போர்ட்டைச் சுட்டும் இணைப்பு) போடுவது பழைய வழி. இப்போதைய வைன் அடுத்த முறை தொடங்கும்போது அதை அழித்துவிடும். சரியான இடம் ரெஜிஸ்ட்ரி. வைனின் ரெஜ்எடிட்டில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன் என்று போய் போர்ட்ஸ் என்ற கீயை உருவாக்குங்கள். அதற்குள் காம்3 என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங். மதிப்பாக லினக்ஸ் போர்ட்டின் முழுப் பாதை. பிறகு வைனின் பின்னணி நிரலான வைன்சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும்.

கேபிளைக் கழற்றிச் செருகினால் டிடிஒய்யுஎஸ்பி0 என்பது டிடிஒய்யுஎஸ்பி1 ஆகலாம். அதனால் சீரியல் ஃபோல்டருக்குள் சாதனத்தின் அடையாளப்படி இருக்கும் பாதையைக் கொடுப்பது நல்லது. சிஎச்340-ல் பொதுவாகத் தனி வரிசை எண் இருக்காது. ஒரே மாதிரி இரண்டு கேபிள் வைத்திருந்தால் அடையாளப் பாதை குழப்பும். எந்த யுஎஸ்பி துளை என்பதை வைத்து வரும் பாதையைப் பயன்படுத்துங்கள்.

திருட்டுப் பதிப்பும் இசட் டிரைவும்

"லினக்ஸில் வைரஸ் வராது" என்று நம்பி, கிராக் செய்த மென்பொருளை வைனில் ஓட்டுவது ஆபத்து. வைன் வேலி அல்ல. அதன் இசட் டிரைவ் என்பது உங்கள் முழு லினக்ஸ் கோப்பு அமைப்பே. அந்த எக்ஸிக்குள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் இருந்தால், உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் முதல் குடும்பப் படங்கள் வரை நீங்கள் எழுதக்கூடிய எல்லாவற்றிலும் அதனாலும் எழுத முடியும். இசட் டிரைவை வைன் அமைப்பில் நீக்கினால் மட்டும் இது முழுதாகத் தடுக்கப்படாது. நம்பிக்கையில்லாத எதையும் தனிப் பயனர் கணக்கில் ஓட்டுங்கள். ஓட்டாமலே இருப்பது இன்னும் மேல்.

எல்லா மென்பொருளையும் ஒரே பிரிஃபிக்ஸில் (வைன் தன் விண்டோஸ் கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்) போடுவதும் வேண்டாம். ஒன்றுக்காகப் போட்ட டாட்நெட் இன்னொன்றைக் கெடுக்கும். டூலுக்கு ஒரு பிரிஃபிக்ஸ் வைத்து, வேலை செய்யும் நிலையில் அந்த ஃபோல்டரையே நகல் எடுத்துவிடுங்கள். பிரிஃபிக்ஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதை உருவாக்கும்போதே தீர்மானிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. 32 பிட் நிரலை 64 பிட் அமைப்பிலேயே ஓட்டும் புதிய வவ்64 முறையில் கட்டிய வைன், தனி 32 பிட் பிரிஃபிக்ஸை ஏற்காது. அங்கே 32 பிட் நிரலையும் 64 பிட் பிரிஃபிக்ஸிலேயே போட்டுப் பாருங்கள்.

விர்ச்சுவல் மெஷின் எப்போது

டெல்டா பிஎல்சிக்கான டபிள்யூபிஎல்சாஃப்ட், சீமென்ஸ் டிஐஏ போர்ட்டல் போன்றவற்றுக்கு வைனோடு மல்லுக்கட்டாமல், லினக்ஸுக்குள்ளேயே முழு விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குப் போவதே சரி. அங்கே உண்மையான விண்டோஸ் கெர்னல் இருப்பதால் டிரைவர் ஏறும், யுஎஸ்பியை அப்படியே உள்ளே அனுப்பலாம். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் யுஎஸ்பி பட்டியல் காலியாக இருந்தால் உங்கள் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் இல்லை என்றே முதலில் சந்தேகியுங்கள். மெஷினே தொடங்க மறுத்தால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கலாம், அல்லது செக்யூர் பூட் விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூலைத் தடுத்திருக்கலாம். டெல்டா டிவிபி பிஎல்சி பேசாவிட்டால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் அமைப்பைப் பாருங்கள்: அதன் இயல்பு 9600 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட். பலர் பழக்கத்தில் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துவிடுகிறார்கள்.

4 ஜிபி ரேம் உள்ள விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 10 விர்ச்சுவல் மெஷின் வேண்டாம். இரண்டு பக்கமும் டிஸ்க்கில் ஸ்வாப் செய்து இரண்டுமே உறைந்துவிடும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்து, 4 ஜிபியை உள்ளே கொடுத்தால் வேலை நடக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது; யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் நடுவே கரண்ட் போனால் மெஷினின் டிஸ்க் கோப்பு கெடலாம். மெஷினின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று எண்ண வேண்டாம், அது பெரும்பாலும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. மெஷினை முழுதாக அணைத்தபின் டிஸ்க் கோப்பை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். கோட் மட்டும் லினக்ஸ் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் சர்வீஸ் கடைகளில் பயாஸ் சிப் எழுதப் பயன்படும் சிஎச்341ஏ புரோகிராமருக்கு இவை எதுவுமே வேண்டாம். லினக்ஸில் ஃபிளாஷ்ராம் என்ற டூல் நேரடியாக அதை அறியும். கறுப்பு நிறப் போர்டுகள் பலவற்றில் டேட்டா லைன்கள் 5 வோல்ட்டில் வரும். 3.3 வோல்ட் சிப்பை மாட்டும் முன் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள், 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் வேண்டும். எழுதுவதற்கு முன் பழைய உள்ளடக்கத்தை இரண்டு முறை படித்து இரண்டு கோப்புகளாகச் சேமித்து ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சிப்பின் கால்களைத் துடைத்து, கிளிப்பைத் திரும்ப மாட்டி, இரண்டும் ஒன்றாக வரும்வரை எழுதும் கட்டளைக்குப் போக வேண்டாம்.