கம்போஸ்ட் போட்டும் செடி மஞ்சளாகிறதா?

புதிதாக மாடித்தோட்டம் போட்டவர்கள் கூப்பிட்டால், முதலில் கம்போஸ்ட் தொட்டியைத்தான் திறக்கச் சொல்வேன். பிளாஸ்டிக் போடாதீர்கள், எலும்பு போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

பாதி மட்கியதை மண்ணில் கலப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். தெரிந்தவர் ஒருவர் ஆடிப்பட்டத்துக்குக் கத்தரி வைத்திருந்தார். அடியிலை எல்லாம் வெளிறி நின்றது. "உரம் பத்தலை போல சார், இன்னும் ரெண்டு கை போடவா?" என்றார். பையைக் கிளறினால் தேங்காய் நார் நார் நாராகவே வந்தது. இலைச்சருகில் நரம்புகூட மட்கவில்லை.

நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கார்பன் நூறு பங்கைத் தாண்டும். நன்றாக மட்கிய உரத்தில் அது இருபதுக்குள் வந்துவிடும். அதற்கு முன்பே கலந்தால், நுண்ணுயிர்கள் மிச்சத்தை மட்க வைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. இன்னும் இரண்டு கை போட்டால் இன்னும் மஞ்சள். அவருக்கு அந்தப் பட்டமே வீண்.

கறுப்பாக இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள். நனைந்தால் நார்க்கழிவும் கறுப்புதான். ஒரு கைப்பிடியை ஈரமாக்கி, ஜிப் கவரில் அடைத்து மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மண்வாசம் வர வேண்டும். புளித்த வாடையோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். சந்தேகம் தீரவில்லையா? பத்துப் பச்சைப்பயறை அதில் ஊன்றுங்கள், பக்கத்தில் வெறும் மண்ணில் பத்து. கம்போஸ்டில் மட்டும் வேர் நுனி பழுத்துச் சுருண்டால் பதில் கிடைத்துவிட்டது. கடையில் வாங்கிய மூட்டைக்கும் இதே சோதனைதான்.

அவசரமென்றால் தண்டைத் தொடாமல் மேலாக மூடாக்கு போடுங்கள். கலக்காதீர்கள்.

கம்போஸ்ட் டீயை மூடி வைப்பது

கம்போஸ்டைத் தண்ணீரில் ஊறவைத்த கரைசல்தான் கம்போஸ்ட் டீ. அதில் நுண்ணுயிர் பெருக மீன் தொட்டி பம்ப் வைத்து ஒரு நாள் காற்று ஊட்டுகிறார்கள், சரி. அப்புறம் மிச்சத்தைக் கேனில் இறுக மூடி அடுத்த வாரத்துக்கு வைக்கிறார்கள்! பம்பை நிறுத்திய சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அன்றே ஊற்றுங்கள்.

வெல்லத்தை அள்ளிப் போடுவது

நுண்ணுயிருக்குத் தீனியாக டீயில் வெல்லம் போடுகிறார்கள். கம்போஸ்டில் சேர்த்த சாணத்தில் ஈ.கோலை (வயிற்றுப்போக்கு தரும் கிருமி) இருந்தால் அதுவும் வெல்லத்தைத் தின்று பெருகும். பச்சையாகத் தின்னும் புதினா, கொத்தமல்லி மேல் டீயைத் தெளிக்கவே வேண்டாம்.

குளோரின் தண்ணீர்

குளோரின் டீயிலுள்ள நுண்ணுயிரைக் கொல்லும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு டீக்கு எடுங்கள்.

தொட்டியின் அடியில் வடியும் கறுப்புத் தண்ணீர்

அது டீ இல்லை. ஈரம் கூடிப்போயிருக்கிறது, காய்ந்த சருகு சேருங்கள்.