வெளிநாட்டு நர்ஸ் வேலை: மலையிலிருந்து புறப்படும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் நர்சிங் முடித்த பெண் இருக்கும் வீடுகளில் சவூதி, பிரிட்டன், ஜெர்மனி என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் படிக்க வைத்த பெற்றோர், நகையை அடகு வைத்தாவது மகளை அனுப்பிவிடத் துடிக்கிறார்கள். இடைத்தரகர்களுக்கு அந்தத் துடிப்புதான் முதலீடு.

அதிகப் பணம் கேட்டால் நல்ல வேலையாகத்தான் இருக்கும் என்று நம்புவது எல்லாவற்றிலும் கொடிய தவறு. உரிமம் பெற்ற முகவர்கூட வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்பது இந்திய விதி. பிரிட்டன் வேலைக்கு அதுவும் கிடையாது. ஆள்சேர்ப்புச் செலவு வேலை கொடுப்பவருடையது என்று அந்நாட்டு அரசின் நடத்தை விதி சொல்கிறது. கேரளத்தில் குவைத் வேலைக்காகச் செவிலியர்களிடம் லட்சக்கணக்கில் வசூலித்த விவகாரம் 2015-இல் வெடித்தது. சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகவே செவிலியர்களை எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு அந்த ஆண்டில்தான் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கூடலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோட்டு முகவர் பக்கத்தில் இருப்பார். அவரிடம் போகும் முன் சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைக் கேளுங்கள். முகவரின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் நீங்களே பாருங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், நர்சிங் கவுன்சில் பதிவில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பெண். வெளிநாட்டில் கோப்பைப் பார்ப்பவருக்கு அப்படித் தெரியாது. வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

அனுபவச் சான்றிதழிலும் சிக்கல் வரும். வளைகுடா நாடுகள் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனம் வழியாகக் கல்லூரி, கவுன்சில், மருத்துவமனை எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கின்றன. சிறிய மருத்துவமனை தேதியில்லாமல் கடிதம் கொடுத்திருந்தாலோ, சரிபார்ப்பு மின்னஞ்சலுக்குப் பதில் போடாவிட்டாலோ விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வேலையை விடும்போதே சேர்ந்த நாள், விலகிய நாள், பணிபுரிந்த வார்டு எல்லாம் எழுதிய கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் வரும் என்று அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். "இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறேன்" என்பவரை நம்பவே வேண்டாம். போலி என்று தெரிந்தால் தடை விழுவது அவருக்கு அல்ல, உங்களுக்கு.

மொழிப் படிப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஜெர்மனியில் முழுத் தகுதியுள்ள செவிலியராகப் பதிவு பெற, ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 என்ற தேர்ச்சி நிலை வேண்டும். பிரிட்டன் செவிலியர் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுதுவதற்கு 6.5, படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றுக்கும் 7 கேட்கிறது. படிக்கும்போதே தொடங்குவது நல்லது.

பிரிட்டனுக்குப் பராமரிப்புப் பணியாளர் விசா வாங்கித் தருகிறேன் என்று இன்னும் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதை அந்நாடு 2025 ஜூலை 22-இல் நிறுத்திவிட்டது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அந்தத் தொகை மாதம்தோறும் குறையுமா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களை முகவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்ப்புக்கு நகல் போதும். அத்தாட்சிக்காக அசலையே கொடுக்க நேர்ந்தால், பட்டியலோடு கையெழுத்திட்ட ரசீது வாங்கிய பிறகே கொடுங்கள்.