ஆக்சிலரேட்டரை மிதித்தால் காரில் ‘டக் டக்’ சத்தமா? கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

பெட்ரோல் காரில் வேகம் எடுக்கும்போது வரும் எந்தச் சத்தத்தையும் ‘நாக்கிங்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஒரு போல்ட்டை முறுக்கினால் நிற்கும் சத்தமும் அதில் உண்டு, இன்ஜினையே காவு வாங்கும் சத்தமும் உண்டு. அதனால் எடுத்த எடுப்பிலேயே பிளக்கை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று இறங்க வேண்டாம். சத்தம் எப்போது வருகிறது என்பதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: ஆயில்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 5 நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை 200 மி.லி. அளவாக ஊற்றி ஊற்றிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

படி 2: நின்ற இடத்தில் சோதனை

இன்ஜின் சூடானதும் நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, மெதுவாக 2,500 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) வரை ஏற்றி இறக்குங்கள்.

இன்ஜினின் அடியிலிருந்து ‘தட் தட்’ என்று கனமாக, ஆர்பிஎம் ஏற ஏற வேகமாகக் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் கடை வரை ஓட்டிப்போகக்கூட வேண்டாம், கட்டி இழுத்தே கொண்டுபோங்கள். பேரிங் செட்டோடு முடிய வேண்டிய வேலை, மேலும் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைவதில் போய் நிற்கும். ராட் முறிந்தால் இன்ஜின் பிளாக்கே உடையும்.

தகரம் அதிர்வது போல, குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் சைலன்சரின் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்ட். ஆறிய பிறகு தட்டிப் பாருங்கள், அதே சத்தம் வரும். துருப்பிடித்த போல்ட்டை மாற்றி, அகலமான வாஷர் வைத்து முறுக்கினால் போதும்.

படி 3: ஓட்டிப் பார்த்தல்

காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். ‘டக் டக் டக்’ என்றால் முன்சக்கரத்துக்கு இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட். சக்கரத்தின் உட்புறம் குனிந்து பாருங்கள். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் வந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஜாயின்ட்டையும் மாற்ற வேண்டும்.

கிளட்சை விடும்போதோ கியர் மாற்றும்போதோ ஒரே ஒரு ‘தொம்’ என்றால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங். பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நில்லுங்கள், காருக்கு முன்னால் நிற்கவே கூடாது. உள்ளே இருப்பவர் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்கட்டும். இன்ஜின் எகிறி விழுந்தால் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது.

படி 4: மேட்டில் ஏறும்போது மட்டும் வந்தால்

தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போன்ற இந்தச் சத்தம்தான் உண்மையான நாக்கிங். பிளக்கின் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருமுன், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே வெடிக்கிறது. அந்த அதிர்வு விடாமல் அடித்தால் பிஸ்டன் உடையும், உருகவும் செய்யும். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

கியர்: 30 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் மேடேறினால் நல்ல இன்ஜினும் தட்டும். மூன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கியதும் நின்றால் காரில் கோளாறு இல்லை. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இதை மறக்க வேண்டாம்.

பெட்ரோல்: டேங்க் மூடியிலோ கையேட்டிலோ உங்கள் காருக்கான ஆக்டேன் எண் (பெட்ரோல் தானே வெடிக்காமல் தாங்கும் அளவு) இருக்கும். டேங்க் கால்வாசிக்குக் கீழே வந்ததும் 95 ஆக்டேன் நிரப்பி, அதே மேட்டில் அதே கியரில் ஓட்டுங்கள். முன்பு சாதாரணப் பெட்ரோலிலேயே ஒழுங்காக ஓடிய கார் இப்போது 95 போட்டால்தான் அமைதியாகிறது என்றால், உள்ளே கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சூடு: இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். இன்ஜின் சூடானதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் கவனியுங்கள்.

பிளக்: ஆறிய இன்ஜினில் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று குறித்து வரிசையாக வையுங்கள். நுனிப் பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அந்த சிலிண்டர் கடுமையாகத் தட்டியிருக்கிறது. பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்ததுதான் அந்தத் துகள். புது பிளக் வாங்கும்போது பார்ட் நம்பர் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டை வெளியேற்றும் அளவு) பொருந்தாமல் நுனி அதிகம் சூடேறினால், அதுவே கனன்று கலவையைப் பற்றவைக்கும்.

ஸ்கேனர்: இவ்வளவுக்குப் பிறகும் தட்டினால், காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகுங்கள். பி0325 (P0325) என்று வந்தால், தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சரின் சர்க்யூட்டில் கோளாறு. முதலில் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள், எலி கடித்திருக்கலாம். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் ஹோஸில் வெடிப்பு தேடுங்கள்.

நாக் சென்சரை மாற்றினால் பிளாக்கில் அது உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, இடையில் வாஷர் எதுவும் வைக்காமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மட்டும் முறுக்குங்கள். பல கார்களில் 20 நியூட்டன் மீட்டர் அளவு. உங்கள் காரின் அளவைக் கையேட்டில் பாருங்கள். கை அளவில் முறுக்கினால் புது சென்சரும் சத்தத்தைத் தவறாகவே கேட்கும்.