பத்திரத் தமிழ்: நிலம் வாங்கும் முன் படித்துப் பழக வேண்டிய சொற்கள்

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். கடைசியில் 'சொத்து விவரம்' இருக்கும்; அதை முதலில் படியுங்கள். நீங்கள் வாங்குவது அங்கே எழுதியிருக்கும் நிலத்தைத்தான், தரகர் கைகாட்டிய நிலத்தை அல்ல.

அதில் அதிகம் பேர் தடுமாறுவது நான்குமாலில், அதாவது நாற்புற எல்லையில். 'வண்டிப்பாதைக்கு மேற்கு' என்றால் மேற்கே பாதை இருக்கிறது என்று படித்துவிடுகிறார்கள். பொருள் நேர் எதிர்: பாதைக்கு மேற்கே நிலம் இருக்கிறது, ஆகவே பாதை உங்கள் கிழக்கு எல்லை. நான்கையும் இப்படித் திருப்பி ஒரு தாளில் படமாக வரைந்து, அதோடு இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். பக்க அளவுகளைப் புலப்படத்தோடு, அதாவது அந்த நிலத்தின் நில அளவை வரைபடத்தோடு, ஒப்பிடுங்கள். அதில் அளவு மீட்டரில் இருக்கும்.

'ஷை' என்றால் மேற்படி. 'சுவாதீனம்' என்பது நிலம் யார் கையில், யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது. 'வகையறா' என்றால் 'முதலானோர்'; அதைக் கண்டால் நிறுத்தி, மற்றவர்கள் யார் யார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். கூட்டுப்பட்டாவில், அதாவது பலர் பெயரில் உள்ள பட்டாவில், இருக்கும் ஒருவர் தன் பங்கை மட்டுமே விற்க முடியும். அந்தப் பங்கு எந்த மூலையில் என்பது பாகப்பிரிவினை ஆகாமல் உறுதியாகாது.

பத்திரம் பதிவுத் துறையுடையது, பட்டா வருவாய்த் துறையுடையது. பத்திரம் பதிவானாலும் பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். '0 - 40.50' என்பதை நாற்பதரை சென்ட் என்று படித்தால் பாதிக்கு மேல் நிலம் கணக்கில் காணாமல் போகும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக 40.50 ஏர் என்பது ஏறக்குறைய 100 சென்ட், ஒரு ஏக்கர்.

ஒரு நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். தேடல் நீங்கள் கொடுக்கும் புல எண்ணை (சர்வே எண்) வைத்தே நடக்கும். இன்று 123/2பி என்று இருக்கும் நிலம், உட்பிரிவுக்கு முன் 123/2 ஆக இருந்திருக்கும். பழைய அடமானம் அந்த எண்ணில் கிடக்கும். இரண்டு எண்ணிலும் தேடுங்கள்.

'வில்லங்கம் இல்லை' என்று வந்தால் அந்த எண்ணில், அந்தக் காலத்தில், பதிவான பரிவர்த்தனை இல்லை என்று மட்டுமே பொருள். பதியாத உடன்படிக்கை அதில் தெரியாது. உயிலைப் பதிந்திருந்தாலும் தெரியாது, ஏனென்றால் அது ஏறுவது பதிவு அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில் (பதிவேட்டில்); வில்லங்கம் எடுப்பதோ 1-ஆம் புத்தகத்திலிருந்து. அதனால் முந்தைய உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஒவ்வொருவரிடமும் உயில் இருக்கிறதா என்று நேரில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.