நீலகிரி சைக்கிள் பயணம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று சுற்றி, இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையத்துக்கே திரும்புவது. ஏறத்தாழ 115 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்கு இதைவிட அழகான ஒருநாள் பாதை எனக்குத் தெரியாது. சமீபத்தில் அப்படி ஒரு குழுவில், யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடைசி ஆளாகப் போனேன். ஆரம்பகாலத்தில் எங்கள் செட் ஆட்கள் செய்த அதே தவறுகளை இந்தத் தலைமுறையும் வரிசையாகச் செய்கிறது. ஹெல்மெட், பஞ்சர் கிட் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

கொடி அசைத்ததும் பறப்பது

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாலை பெரிதாக ஏறாது. காலைக் குளிர்ச்சி, கைதட்டல், புது டீ-ஷர்ட் எல்லாம் சேர்ந்து எல்லோரையும் விரட்டும். கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். பர்லியார் பழக்கடைகளுக்கு வரும்போதே பலருக்குத் தொடை இறுகிப்போகும். பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

வழியில் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது

நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் விற்கத் தடை இருக்கிறது. சாலையோரத்தில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள். நிரப்பிக்கொள்ள உங்கள் பாட்டில் வேண்டும். சைக்கிளில் இரண்டு மாட்டுங்கள்.

குன்னூரில் பிரியாணி

ஊட்டிக்கு இன்னும் ஏற வேண்டும். வாழைப்பழம், கடலை மிட்டாய், இரண்டு இட்லி போதும்.

இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவது

மேலே சொன்னதெல்லாம் சோர்வில் முடியும். இது ஆஸ்பத்திரியில் முடியும். ஏற்றத்துக்காக ஆறு மாதம் தயாராகிறவர்கள் இறக்கத்தைப் பற்றி அரை மணி நேரம்கூட யோசிப்பதில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம், இதைச் செய்பவர்கள் மீது இல்லை; சொல்லிக்கொடுப்பவர்கள் மீது. கோத்தகிரியில் டீ குடித்துவிட்டு இறங்கத் தயாராகும்போது, பொறுப்பில் இருக்கும் ஒருவர் எல்லோரையும் நிறுத்தி வைத்து, “மெதுவாப் போங்க, பிரேக்கை விட்டுடாதீங்க” என்பார். அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. வேகமாகப் போகிற பையன்கள் இந்தப் பேச்சைக் காதில் வாங்குவதே இல்லை. பயந்த சுபாவமுள்ள, சொன்னதைக் கேட்கிற ஆட்கள்தான் அதை அப்படியே கடைப்பிடித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம், 33 கிலோமீட்டர் தூரத்தில். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் பன்னிரண்டரை லட்சம் ஜூல். அறையில் வைத்த நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் வேகமாக ஓடவிட்டால் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். வேகம் இரு மடங்கானால் காற்றுத்தடை நாலு மடங்கு. பிரேக்கை அழுத்திக்கொண்டே பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினால் காற்றுக்குக் கிடைப்பது சொற்பம். கிட்டத்தட்ட மொத்தச் சூடும் ரிம்மில், அதாவது பிரேக் ஷூ அழுத்தும் சக்கர வளையத்தில், இறங்கும். இடையில் ஆற நேரமும் இல்லை. ரிம் சுட்டால் உள்ளே டியூப் சுடும், காற்றழுத்தம் ஏறும், ரப்பர் இளகும். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு டியூப் பயம் குறைவு. ஆனால் பேட் பளபளவென்று இறுகிப்போய்ப் பிடிமானம் போகும். ஹைட்ராலிக் என்றால் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகி லீவர் தொளதொளவென்று ஆகலாம்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு முன்னால் இப்படித்தான் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். அமைதியான மனிதர், நிறைய உழைத்து நன்கொடை சேர்த்தவர். அரவேணுவைத் தாண்டியதிலிருந்து அவர் கை லீவரை விட்டு எழவே இல்லை. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பிரேக் ஷூ ரப்பர் தேய்ந்து ரிம் ஓரமெல்லாம் கறுப்பு மாவாக அப்பியிருந்தது. “கொஞ்சம் விடுங்க, விடுங்க” என்று பின்னாலிருந்து கத்தினேன். தலையாட்டினார்; விடவில்லை. ஒரு வளைவுக்கு நுழையும் இடத்தில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. நல்லவேளை, எதிரே வண்டி இல்லை. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து ஆபரேஷன் வரை போனது. அந்தச் செலவு அவர் திரட்டிக்கொடுத்த தொகையை விட அதிகம். நிறுத்திவைத்த சைக்கிளின் ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று ஆவியானது.

சரி, எப்படி இறங்குவது? நேர்சாலையில் சக்கரத்தை ஓடவிடுங்கள். நெஞ்சை நிமிர்த்தி உட்காருங்கள், காற்றே பாதி பிரேக் போடும். வளைவு வருவதற்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாக, சில நொடிகள் பிடித்து வேகத்தைக் கொல்லுங்கள். பிறகு விட்டுவிட்டுத் திரும்புங்கள். அடுத்த வளைவு வரை ரிம் ஆறட்டும். ஓடவிட்டால் பயமாக இருக்கிறது, இப்படி விட்டுப் பிடிக்க வரவில்லை என்றால், மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. ரிம்மையோ டிஸ்க்கையோ தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

இன்னொன்று, கை விறைத்தால் இதெல்லாம் செய்ய முடியாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு ஊட்டிக் காற்றில் இறங்கினால் விரல் மடங்காது. மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் எடுத்துவையுங்கள். ஜாக்கெட் இல்லாதபோது டீக்கடையில் ஒரு பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். நன்றாகவே வேலை செய்யும்.

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு உள்பக்கம் நுழைவது

பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும், டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். மலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி.

காதில் பாட்டு

வேண்டாம்.

வண்டியில் ஏற மறுப்பது

நிதி திரட்டும் பயணங்களுக்கே உரிய சங்கடம் இது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை சொல்லியிருப்பார்கள். அதனால் கால் பிடித்துக்கொண்டவரும் வாந்தி எடுத்தவரும்கூடப் பின்னால் வரும் சப்போர்ட் வண்டியில் ஏறமாட்டேன் என்பார்கள். “இத்தனை பேர் என்னை நம்பிக் காசு கொடுத்திருக்காங்க அண்ணா” என்று ஒரு தங்கை கண் கலங்கினாள். அவளிடம் எப்படிக் கோபப்படுவது? நான் கேட்டுப் பார்த்தவரை, கொடுத்தவர்கள் யாரும் பாதித் தூரத்துக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

ஒருவர் தள்ளாடிக்கொண்டு வருவதற்காக மொத்தக் குழுவும் காத்திருந்தால் இறக்கம் அந்திக்குத் தள்ளிப்போகும். அப்போது மூடுபனி இறங்கும். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். அதனால் ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நன்கொடையைக் கிலோமீட்டர் கணக்கில் கேட்காதீர்கள், பயணத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கேளுங்கள். மாலை மூன்றரைக்குள் கோத்தகிரியைத் தாண்டாதவர்கள் எல்லோரும் வண்டியில்தான் இறங்குவார்கள் என்று காலையிலேயே, கொடி அசைப்பதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள்.